வேறொரு ரபியிடம் கேட்கக் கூடாது

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்டால், ட்ராமில் கிடைத்தது என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன். கேட்கிறவர்களுக்கும் அது பிடிக்கும். ட்ராம் ஓட்டுகிற ஆள் கதை எழுதுகிறான், அவனுக்குக் கதை ட்ராமில்தானே ஏறும் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் சொன்னது பொய். கதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிடைத்தது. கிடைத்தது என்றுகூடச் சொல்லக் கூடாது. அதற்காக நான் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆறாம் பகுதி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரைப் பற்றிய கதை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில், கால்ஃபீல்டில், என் பக்கத்து வீட்டுக்காரர் அன்ஷெல் ரோட்மான். மெத்தைக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை ஸ்விட்சைத் தொடாத யூதர். தன் மகளைப் பற்றிய ஒரு கேள்வியை அவர் தங்கள் மதகுருவான ஒரு ரபியிடம் கேட்டார். கூடாது என்று பதில் வந்தது. ஒரு ரபி கூடாது என்று சொன்னதை இன்னொரு ரபியிடம் கொண்டுபோய், ஆகட்டும் என்று வாங்கிவர அவர்கள் வழக்கத்தில் இடமில்லை. அப்பாவும் மகளும் அதோடு பிரிந்தார்கள். கடைசியாக ஒரே ஒரு முறை அவள் பேசுவதைப் பார்க்க அவருக்கு ஒரு வழி இருந்தது. அந்த வழி என் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது.

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம்:

“அன்ஷெல் ரோட்மான் மெத்தை வாங்குவதுபோலப் பார்த்துப் பார்த்துத் தன் ரபியைத் தேர்ந்தெடுத்தார்.”

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது என் வாக்கியம் இல்லை, ப்ளூமாவுடையது. ப்ளூமா அவர் மனைவி. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். (சொன்னார். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனால் அவரோடு பேசிக்கொண்டிருந்தால் வயது ஞாபகம் இருக்காது, அதான் கை தவறுகிறது.)

இரண்டாவது தொடக்கம்: “அன்று காலை கால்ஃபீல்டின் வானம் —”

வேண்டாம். வானத்தை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணப் போகிறேன். ப்ளூமாவின் வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறேன், அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

கல்யாணமாகிக் குடிவந்த புதிதில், நடந்து போகிற தூரத்தில் நாலு ஜெபாலயங்கள் இருந்தன. நாலு சனிக்கிழமை நாலையும் போய்ப் பார்த்தார்கள். முதல் ரபி பிரசங்கத்தில் பாதி நேரம் கால்பந்து பேசினார். இரண்டாமவர் பேசியது அவருக்கு மட்டும் புரிந்தது. மூன்றாவது ரபி பெனாரி. மெதுவாகப் பேசுகிற ஆள், யார் எதைக் கேட்டாலும், “உங்க மனசு என்ன சொல்லுது?” என்று திருப்பிக் கேட்பார். ப்ளூமாவுக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

“என் மனசு என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதா? அதைத் தெரிஞ்சுக்க இவ்வளவு தூரம் நடந்து வரணுமா?” என்றார் அன்ஷெல், திரும்பி வரும் வழியில்.

“உனக்குத் தெரியும்னு யாரு சொன்னா?” என்றார் ப்ளூமா.

நாலாவது ரபி ஸுஸ்மான். அங்கே போன அன்றைக்கே ப்ளூமா அவரிடம் ஒரு கரண்டி விவகாரம் கேட்டார். இறைச்சியும் பாலும் அவர்கள் சமையலில் கலக்கக் கூடாது; இறைச்சி சூப் கரண்டி, கைதவறிப் பால் பாத்திரத்தில் விழுந்துவிட்டது. ஸுஸ்மான் சிரிக்கவில்லை, மனசைப் பற்றியும் கேட்கவில்லை. பால் சூடா ஆறினதா, எவ்வளவு பால், கரண்டி கடைசியாக எப்போது சூப்பில் இறங்கியது என்று கேட்டார். தாடியைத் தடவினார். கரண்டிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதில் சொல்லி அனுப்பினார். அன்ஷெலுக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது.

“ரபின்னா இப்படி இருக்கணும். கடையில படுத்துப் பார்க்கிறப்ப சுகமா இருக்கிற மெத்தையை வாங்கிட்டுப் போறவன், மூணாம் வருஷம் முதுகைப் பிடிச்சுக்கிட்டு வருவான். கெட்டியானது கொஞ்ச நாள் படுத்தும். அப்புறம் முதுகு தப்பிச்சுது.”

“நான் என்ன முதுகுக்கா ரபி தேடுறேன்?”

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். வீட்டுக்கு ரபி ஸுஸ்மான். கேள்விகள் எல்லாம் அவரிடம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெனாரி பெண்களுக்கு நடத்தும் வகுப்புக்கு ப்ளூமா போகலாம். ஆனால் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. முப்பத்தெட்டு வருஷம் இப்படியே ஓடியது.

* அந்த விதியைப் பற்றி ஒரு வார்த்தை. “பிடிச்ச பதில் கிடைக்கிற வரைக்கும் கடை கடையா ஏறி இறங்குறதுக்குப் பேரு மார்க்கம் இல்ல, ஷாப்பிங்,” என்று அன்ஷெல் எனக்குச் சொல்லித்தந்தார். கேள்வி வருவதற்கு முன்னாலேயே ஆளைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். கேள்வி வந்தபிறகு தேர்ந்தெடுத்தால், ரபியையா தேர்ந்தெடுக்கிறோம், பதிலைத்தானே.

3

நான் யார், எனக்கு இங்கே என்ன வேலை?

பத்தொன்பது வருஷமாகப் பக்கத்து வீடு. பெயர் முக்கியமில்லை, அன்ஷெல் ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை, “ட்ரைவர்” என்றுதான் கூப்பிடுவார். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், மின்சாரத்தில் ஓடுகிற எதையும் போடவோ நிறுத்தவோ கூடாது; அன்றைக்கு அவர் வீட்டுக்கு நான் தேவைப்படுவேன். ஃபியூஸ் போனால் அவர் தொடக் கூடாது. என்னைப் போடச் சொல்லவும் கூடாது. ஆனால் தன் வீட்டு நிலவரத்தைப் பொதுவாகப் பேசலாம். கேட்கிறவனுக்கு மூளை இருந்தால் புரிந்துகொண்டு, தானாக வந்து, எதேச்சையாகக் கை பட்டதுபோல ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போவான்.

குடிவந்த முதல் மாதம் எனக்கு இது தெரியாது. ஒரு சனிக்கிழமை வேலியோரம் வந்து நின்று, “எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் இன்னிக்கு ரொம்ப அமைதியா இருக்கு,” என்றார்.

“நல்ல கம்பெனியா இருக்கும்,” என்றேன் நான்.

ஒரு வாரத்து மீன் கெட்டுப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ப்ளூமா வந்து சிரித்துச் சிரித்து விளக்கினார். அதற்கப்புறம் நான் தேறிவிட்டேன். “வீடு வெயிலுக்கு முன்னாடியே சூடாயிடுச்சு” என்றால் ஏ.சி. “படிக்க நல்ல புத்தகம் இருக்கு, புத்தகம்தான் தெரியல” என்றால் விளக்கு. சில சமயம் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, நிற்கிற நிற்பைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தேன் கேக் வரும். ட்ராம் கம்பெனியில் கிடைத்த மெடலைவிட இந்த வேலையில் எனக்குப் பெருமை அதிகம்.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: எனக்கு அவர் பாஷை தெரியும். தெரியாது என்று பின்னால் நான் சொல்ல முடியாது.

4

மகள் ஷுலா. ஒரே பிள்ளை. சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு வாதாடுவாள். ஸுஸ்மான் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு, ஏன் அப்படிச் சொன்னார், எந்த ஏட்டில் இருக்கிறது என்று அவரைத் துளைப்பாள். அன்ஷெலுக்கு அதில் சந்தோஷம் தாங்காது. “இவ மட்டும் பையனாப் பொறந்திருந்தா ரபி ஆயிருப்பா,” என்று ஜெபாலயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெண்ணாகவே இருந்துகொண்டு அவள் ரபி ஆனாள். வெளிநாட்டில் ஆறு வருஷம் படித்துவிட்டு வந்தாள். சீர்திருத்தக்காரர்களின் ஜெபாலயம் ஒன்று, ட்ராமில் இருபது நிமிஷ தூரம், அவளை ரபியாக எடுத்துக்கொண்டது. அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காருவார்கள், சனிக்கிழமை மைக் வைத்துப் பேசுவார்கள். அன்ஷெலின் ஆட்கள் அந்த வாசற்படி மிதிப்பதில்லை. பதவியேற்பைச் சனிக்கிழமை வைப்பதுதான் அங்கே வழக்கம். ஷுலா போராடி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினாள். அப்பா சனிக்கிழமை ட்ராம் ஏறமாட்டார் என்று.

அழைப்பிதழ் வந்தது. அன்ஷெல் அதை எடுத்துக்கொண்டு ரபி ஸுஸ்மானிடம் போனார்.

(முதல் பிரதியில் ஸுஸ்மானை வில்லனாக எழுதினேன். மேசையைக் குத்தினார், தாடி ஆடியது, “உனக்கு மகள் இல்லை” என்று கர்ஜித்தார் — நாலு பக்கம். நன்றாக ஓடியது. பிறகு எனக்கே கூசியது. அன்ஷெலுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது வெள்ளிக்கிழமை தவறாமல் சூப் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். என் ட்ராமில் ஏறினால் பாட்டிகளுக்கு இடம் விட்டு நின்றுகொண்டே வருவார். நாலு பக்கத்தையும் கிழித்தேன். கீழே இருப்பது, ஸுஸ்மானே பிற்பாடு ஒரு நாள் கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்து என்னிடம் சொன்னது.)

அன்ஷெல் உள்ளே வந்ததுமே, அவர் கையில் இருப்பது என்ன என்று ரபிக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்கே தெரியும்.

“உக்காரு. முட்டி எப்படி இருக்கு?”

“ஒரு கேள்வி கேக்கணும், ரபி.”

“இன்னிக்கு எனக்குக் காது அவ்வளவு சரியில்ல, அன்ஷெல். திங்கட்கிழமை வாயேன்.”

“திங்கட்கிழமை வந்தா பிரயோஜனமில்ல. ஞாயித்துக்கிழமை விசேஷம்.”

“ஞாயித்துக்கிழமை யாரு யாரு எங்க போறாங்கன்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா? ஞாயித்துக்கிழமை ஜனங்க பீச்சுக்குப் போறாங்க, கல்யாணத்துக்குப் போறாங்க. எனக்கு என்ன வந்தது?”

அன்ஷெல் அழைப்பிதழை மேசைமேல் வைத்தார். ரபி அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

“எல்லாத்தையும் எங்கிட்ட கேட்டுத்தான் ஆகணும்னு இல்ல, அன்ஷெல்.”

“முப்பத்தெட்டு வருஷமா எல்லாத்தையும் உங்ககிட்டதான் கேட்டிருக்கேன். கரண்டியைக் கேட்டேன். இதைக் கேக்காம இருக்கலாமா?”

கேட்டார். தெளிவாக, இடம் பெயர் நேரம் எல்லாம் சொல்லி, போகலாமா என்று கேட்டார். அப்படிக் கேட்டால் ஸுஸ்மானிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொன்னார்.

“அவன் கிளம்பிப் போனதுக்கப்புறம் நான் ரொம்ப நேரம் அழுதேன், ட்ரைவர்,” என்றார் என்னிடம். “வாசல்லயே அவனை நிறுத்தியிருக்கணும். எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பியிருக்கணும்.”

வருஷக்கணக்காக எனக்கு ஜாடையிலேயே பாடம் நடத்திய மனுஷனுக்கு, தன் ரபி போட்ட ஜாடை புரியவில்லையா? புரிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் விரும்பித் தேர்ந்தெடுத்த ரபி ஜாடை போடுகிற ரபி இல்லை. கறாராகப் பதில் சொல்கிறவர். அந்த ஆள் இன்றைக்கு இளகுவதை அவரால் பார்க்க முடியவில்லை. இதில் நான் அவர்மேல் கோபப்பட்டு ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அதை நீக்கிவிட்டேன், காரணம் ஆறாம் பகுதியில்.

5

“ஏன் கேட்ட?” என்றார் ப்ளூமா. அவ்வளவுதான் கேட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஓட்டிய ட்ராமில் ப்ளூமா ஏறினார். நீலத் தொப்பி, கைப்பை, மடியில் ஒரு கேக் டப்பா. முதல் இருக்கையில் உட்கார்ந்தார்.

“தனியாவா போறீங்க?” என்றேன்.

“அவன் கேட்டான். நான் கேக்கல,” என்றார்.

இரண்டு வருஷம் கழித்து ப்ளூமா இறந்தார். அடக்கத்தை ஸுஸ்மான் நடத்தினார். ஷுலா மண் போட்டுவிட்டு, அப்பா நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி நின்றாள். ஏழு நாள் துக்கத்தை அவள் தன் வீட்டிலும் அவர் தன் வீட்டிலும் தனித்தனியாக உட்கார்ந்து கழித்தார்கள். ஒரே அம்மாவுக்கு ஊரில் இரண்டு துக்க வீடு. இரண்டுக்கும் போய்வந்தவர்களில் நானும் ஒருவன். அங்கே அவளும் இங்கே இவரும் என்னிடம் கேட்டது ஒன்றையே: “அங்க சாப்பிடறாங்களா?”

சாப்பிடுகிறார்கள் என்று இரண்டு இடத்திலும் சொன்னேன்.

6

இனித் தப்பிக்க முடியாது.

அடுத்த வருஷம் ஷுலாவுக்கு நாட்டின் மறுகோடியில், பெர்த் நகரத்தில் வேலை கிடைத்தது. யூதர்களின் வாரப் பத்திரிகையில் சின்னதாக ஒரு அறிவிப்பு: ரபி ஷுலமித் ரோட்மானின் விடைபெறும் ஆராதனை, சனிக்கிழமை காலை பத்து மணி. வர இயலாதவர்கள் இணையத்தில் நேரலையில் காணலாம். பதிவு வைக்கப்படாது. வியாழக்கிழமை அன்ஷெல் வந்து, அந்தப் பத்திரிகையை அதே பக்கத்தில் மடித்து என் மேசைமேல் வைத்தார்.

“படிச்சிட்டுக் குடு. அவசரமில்ல.”

இந்தத் தடவை அவர் எந்த ரபியிடமும் கேட்கவில்லை. ப்ளூமாவிடம் கற்றுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலையே அந்த விலாசத்தை லேப்டாப்பில் அடித்துத் தயாராக வைத்தேன். சார்ஜ் போட்டேன். மூடியைத் தூக்கினால் போதும், படம் வந்துவிடும். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், எனக்குப் புரியவில்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்குக் கதவைத் தட்டினார். விடியற்காலைத் தொழுகை முடித்து நேராக வந்திருந்தார். கோட்டு, தொப்பி, துலக்கிய ஷூ. ஜன்னலோர நாற்காலியில் உட்காருகிற மனுஷன் அன்றைக்கு மேசைக்கு வந்து, லேப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்தார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தேன். என் வீட்டில் அவர் தொடுவது அது ஒன்றுதான்.

“வேலை இல்லையா?”

“இன்னிக்கு லீவு.”

“லீவு நாள்ல ஜனங்க என்னென்னமோ பார்க்கிறாங்க. இந்தப் பெட்டியில.”

“பார்க்கிறாங்க.”

“தன் வீட்டுல, தனக்காக ஒருத்தன் பார்த்தா அது அவன் இஷ்டம். பக்கத்துல வேற எவனாவது உக்காந்திருந்தா, அவன் பாட்டுக்கு உக்காந்திருக்கான்.”

“ஆமா.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தாகப் போகுது.”

“ஆமா, ஆகப் போகுது.”

“பத்து மணிக்கு ஊர்ல எங்கெங்கயோ என்னென்னமோ ஆரம்பிக்கும்.”

என் கை மேசைமேல்தான் இருந்தது. மூடிக்கும் கைக்கும் ஒரு சாண் இருக்கும். நான் தூக்கவில்லை.

ஏன்? அவர் மார்க்கத்தை மதித்து, என்று என் மனைவியிடம் சொன்னேன். அவர் பிற்பாடு வருத்தப்படுவாரோ என்று பயந்தேன், என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய். அவர் வாயால் ஒரு வாக்கியம் வேண்டும் என்று காத்திருந்தேன். “என் பொண்ணைப் பார்க்கணும்.” பத்தொன்பது வருஷம் ஜாடை கேட்டவன், ஒரே ஒரு முறை நேராகக் கேட்க ஆசைப்பட்டேன். அதோடு விட்டேனா? அந்த வாக்கியத்துக்கு அடுத்து எப்படி எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் எங்கே உடையும், கை எங்கே நடுங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு தகப்பன் உட்கார்ந்திருந்தார். நான் கதைக்காக உட்கார்ந்திருந்தேன்.

பத்து அடித்தது. பத்தேகால் ஆயிற்று. தண்ணீரைத் தொடவில்லை அவர்.

“ப்ளூமா இருந்தா இந்நேரம் ஏதாவது சொல்லியிருப்பா,” என்றார்.

அதைவிடக் கிட்டத்தில் அவரால் வரமுடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்:

“என்ன சொல்லியிருப்பாங்க?”

அன்ஷெல் என்னைப் பார்த்தார். நான் புரியாமல் கேட்கவில்லை என்பது அந்தப் பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரை எடுத்து முழுத் தண்ணீரையும் குடித்தார். எழுந்து தொப்பியைச் சரிசெய்தார்.

“தண்ணிக்கு நன்றி, ட்ரைவர்.”

கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் மூடியைத் தூக்கினேன். ஷுலா பேசிக்கொண்டிருந்தாள். தலையில் அம்மாவின் நீலத் தொப்பியை வைத்திருந்தாள். அம்மா தனியாக ட்ராமில் கேக்கோடு வந்ததைச் சொன்னாள். பிறகு காமிராவைப் பார்த்து, “எங்க அப்பாவும் இப்ப எங்கயாவது உக்காந்து இதைக் கேட்டுட்டு இருப்பார்னு நம்பறேன்,” என்றாள். அவர் அந்த நேரம் எங்கள் வீட்டு வாசல் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மூடி ஏன் இவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று சொல்ல வேண்டுமே.

7

வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் மூடியைத் தூக்குகிறேன், அவர் பார்க்கிறார், அழுகிறார். எழுதும்போது நானும் அழுதேன்; அதனாலேயே அதைத் தூக்கிப் போட்டேன். செய்யாததைச் செய்ததாக எழுதி, அதற்கு அழுகை வேறு.

இன்னொன்றில் அவரே நேராகக் கேட்டுவிடுகிறார். “மூடியைத் தூக்கு, ட்ரைவர், என் பொண்ணு —”

இல்லை. எதை அன்றைக்கு அவரிடமிருந்து பிடுங்கப் பார்த்தேனோ அதைக் காகிதத்தில் பிடுங்குவது இது.

மூன்றாவது முடிவில் அறுபது வருஷமாகச் சனிக்கிழமை எதையும் தொடாத அவர் கை மெல்ல நீண்டு, மூடியை… என் நண்பர்கள் இதுதான் பிரமாதம் என்றார்கள். சிறுகதைக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காதாம். அவர் உயிரோடு இருந்தவரைக்கும் யார் வற்புறுத்தியும் செய்யாததை, செத்தபிறகு நான் செய்யவைக்கணுமாம். போங்கய்யா.

நடந்தது இவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் வேலியோரம் வரவில்லை. ஜூன் மாதம், இங்கே குளிர்காலம், ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் ஹீட்டர் நின்றுபோனது எனக்குத் தெரிந்தது, போய்த் தட்டினேன். கோட்டு மேல் கோட்டு போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

“வீடு எப்படி இருக்கு?” என்றேன். எப்போதும் அவர் தொடங்குகிற பேச்சை நான் தொடங்கினேன்.

“நல்லா இருக்கு, ட்ரைவர். ஒரு குறையும் இல்ல,” என்றார். அவர் பல் அடித்துக்கொண்டது.

ஷுலா காமிராவில் சொன்னதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆகஸ்டில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

8

ஷுலா பெர்த்திலிருந்து வந்து, அப்பாவின் வீட்டிலேயே ஏழு நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் போனேன். கதவு திறந்தே இருந்தது. துக்க வீட்டு வழக்கப்படி கண்ணாடியில் துணி போட்டிருந்தார்கள். ரபி ஸுஸ்மான் மூலையில் உட்கார்ந்திருந்தார்; அவளுக்கு ஒரு தட்டில் முட்டையும் ரொட்டியும் அவரே எடுத்துவைத்திருந்தார். அவள் தாழ்ந்த நாற்காலியில் இருந்தாள், துக்கத்துக்கு அடையாளமாகச் சட்டையின் கழுத்துப் பக்கம் கிழித்திருந்தது.

துக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக் கூடாது. இந்த வழக்கத்தைப்போல எனக்கு உதவி செய்த வழக்கம் வேறில்லை. கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது அவள் நிமிர்ந்தாள்.

“நீங்க வருவீங்கன்னு தெரியும், ட்ரைவர்.”

தலையாட்டினேன்.

“உங்களைப் பத்தி அம்மா நிறைய சொல்லுவாங்க. ஃப்ரிட்ஜ் கதை எல்லாம்.” சிரிக்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “ஒண்ணு கேக்கணும். என்னோட கடைசி ஆராதனை அன்னிக்கு… சனிக்கிழமையில அப்பா எதையாவது பார்க்கணும்னா, உங்க வீட்டுக்குத்தான் வந்திருப்பார். வந்தாரா? பார்த்தாரா?”

ஸுஸ்மான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வந்தார் என்பது உண்மை. பார்த்தார் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்; இந்தப் பெண் அந்த ஒரு வார்த்தையைப் பெர்த்துக்குக் கொண்டுபோய்ச் சாகும்வரை வைத்துக்கொள்வாள். என்னை மறுத்துப் பேச அவர் உயிரோடு இல்லை. அவள் நிம்மதிக்காகத்தான் சொன்னேன் என்று நானும் ஊரை ஏமாற்றிவிட்டு இருந்துவிடலாம். உண்மையைச் சொன்னால், அப்பா துலக்கிய ஷூவோடு வந்து, அரைமணி நேரம் மூடிய பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார் என்று அவள் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் காரணமானவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

எனக்கு யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருந்தது. ஸுஸ்மானிடம் கேட்டால் பொய் கூடாது என்பார். பெனாரி என் மனசு என்ன சொல்கிறது என்று கேட்பார், அது என்னைப் பயப்படுத்தியது. அந்த அறையில் மூன்றாவது ஒரு ரபி இருந்தார். கேள்வி வந்தபிறகு ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, தெரியும். ஆனாலும் தேர்ந்தெடுத்தேன்.

“ரபி,” என்றேன் அவளிடம். அந்த வீட்டில் அவளை அப்படி யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். மூலையில் ஸுஸ்மான் தலையைத் தூக்கினார். “உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கலாமா?”

“கேளுங்க,” என்றாள்.

கேட்டேன். ஒருவன் தான் செய்த தப்பை, அதனால் இன்னும் அதிகமாக நோகப்போகிற ஆளிடமே சொல்லத்தான் வேண்டுமா என்று, பெயர் சொல்லாமல், பொதுவாக, அவள் அப்பாவின் பாஷையில் கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்ஷெலின் அதே கண்.

அவள் சொன்ன பதிலை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பதில்படி நான் இன்னும் நடக்கவில்லை. நாளை ஏழாம் நாள். மதியம் விமானம் ஏறுகிறாள். ராத்திரி உட்கார்ந்து யோசிக்க எனக்குத் திராணி இல்லை, அதனால் சாயங்காலத்துக்குள் இதை எழுதி முடித்துவிட்டு, உங்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றுதான் வந்தேன்.

ஆனால் கூடாது. ஒரு ரபியிடம் கேட்டாயிற்று.